மாப்பிள்ளைக் காருக்கு டிஸ்க் பிரேக்

பாபநாசம்
20.11.2024

அத்தானுக்கு வானதி எழுதுவது.

அப்பாவின் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியமாக இருக்கின்றன. உங்கள் உடம்பு எப்படி, சோஹாரில் ஓமன் வெயில் தணிந்ததா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று முறைப்படி கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

புருஷனை விவாகரத்து செய்து தீர்த்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்த பிறகு, அப்பாவின் பழைய அம்பாசிடரை மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு ஓட்டுவது அத்தை சொல்லி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தீர்த்துக்கொண்டு வந்தவள் ஓட்டும் காரில் மாப்பிள்ளை ஏறலாமா என்று முதலில் இழுத்தவர்கள் உண்டு. இப்போது முகூர்த்த மாதம் வந்தால் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. தஞ்சை மாவட்டத்தில் பாதி மாப்பிள்ளைகளை மண்டபத்தில் கொண்டு இறக்கியவள் நான்தான்.

போன வாரம் கபிஸ்தலத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. வழியில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ரோட்டில் தண்ணீர் ஓடியது. மெதுவாகத் தாண்டிவிட்டேன். மண்டபத்து வாசலில் பிரேக்கை மிதித்தால் பிடிக்கவே இல்லை. கார் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு தூக்கத்தில் நடக்கிறவரைப் போல நகர்ந்தது. கைப்பிரேக்கை இழுத்ததில், முன்னால் வாசித்துக்கொண்டிருந்தவரின் தவிலில் பம்பர் பட்டு, தொம் என்று ஒரு சத்தத்தோடு நின்றது. அதையும் வாசிப்பு என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் வீடு வரும்வரை முதல் கியரிலேயே ஓட்டி வந்தேன்.

ராஜகிரி மெக்கானிக் நெய்னா முகம்மது அண்ணன், "முன்னாடி ரெண்டு வீலுக்கும் டிஸ்க் போட்டுரலாம்மா. ஆனா இந்த வண்டிக்கு நான் போட்டதில்ல" என்கிறார். பிரேக்கைத் தவிர வேறெதுவும் தெரியாத ஆள் ஒருவர் நம் குடும்பத்திலேயே இருக்கிறாரே என்று அப்போதுதான் நினைத்தேன்.

போன் செய்யலாம். ஆனால் நீங்கள் முதல் வார்த்தையில் திக்கி நிற்கும்போது பொறுமையில்லாமல் அடுத்த வார்த்தையை நானே சொல்லிவிடுவேன், அது தப்பான வார்த்தையாக இருக்கும். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் போன் பகலெல்லாம் அப்பாவின் காதருகே கச்சேரி பாடிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு என்னைக் கேட்டு அத்தை வந்த நாளிலிருந்து அப்பா உங்கள் பெயரைச் சொல்வதில்லை, அத்தை பெயரை வைத்து "ரெத்தினத்து மகன்" என்றுதான் சொல்வார். அந்தப் பெயர் போனில் எட்டிப் பார்க்க வேண்டாம். பதிலை அத்தையின் நன்னிலம் விலாசத்துக்கே அனுப்புங்கள். அத்தை வரும்போது கொண்டுவந்து தருவார்.

ஜூனில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறதாமே, இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போகிறீர்களா என்று அத்தை கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை, அத்தைதான் கேட்கச் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்
வானதி


சோஹார்
11.12.2024

வானதிக்குப் பரிதி எழுதுகிறேன்.

இங்கே வெயில் இப்போது பழகின நாய் மாதிரி காலடியில் படுத்திருக்கிறது, கடிப்பதில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமாவின் முழங்காலுக்குத் தவிட்டு ஒத்தடம் கொடுத்துப் பார்.

பம்பர் தவிலைத் தொட்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சிரித்துவிட்டு, உடனே காகிதம் எடுத்தேன்.

உன்மேல் தப்பில்லை. டிரம் பிரேக் என்பது மூடி போட்ட டப்பா. உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு கட்டைகள் விரிந்து டப்பாவின் சுவரை அழுத்தும். தண்ணீர் புகுந்தால் லேசில் வெளியேறாது, கட்டை வழுக்கும். ஒரு பக்கம் முதலில் காய்ந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். டிஸ்க் அப்படியில்லை, திறந்தவெளியில் சுழலும் தட்டு. காலிப்பர் என்கிற பிடி அதை இரண்டு பக்கமும் கவ்வும், விரல்களுக்கிடையே அப்பளத்தைப் பிடிப்பது மாதிரி. நனைந்தாலும் சுற்றுகிற வேகத்திலேயே தண்ணீரை உதறிவிடும்.

இதே வண்டியின் பிற்கால மாடல்களில் முன்னால் டிஸ்க் வந்தது. தட்டு, காலிப்பர், அவற்றைத் தாங்கும் அச்சுத் துண்டு எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுக்கச் சொல். உன் கால் நோகாமல் இருக்க பூஸ்டரும் வேண்டும். பழைய ரிம் காலிப்பரில் உரசுகிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பின்னால் டிரம்மே இருக்கட்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டறையில் எல்லோரும் லாரிகளின் நிழலில் படுத்துவிடுவோம். அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு உன் காரைக் கழற்ற ஆரம்பித்திருக்கிறேன். பாதியில் அது கனவாகிவிடுகிறது. எந்த நட்டிலும் துரு இல்லை, எல்லாம் கையாலேயே கழன்று வருகின்றன. சுற்றிலும் தண்ணீர் கட்டிய வயல், சத்தமே இல்லை. நான் சக்கரத்தடியில் இருக்கிறேன், நீ ஸ்டியரிங்கில் இருக்கிறாய். ஜன்னல் வழியாகக் குனிந்து, "ஆச்சா அத்தான்" என்கிறாய். நான் தடங்கலே இல்லாமல் ஏதோ பதில் சொல்கிறேன். என்ன சொன்னேன் என்பது விழித்ததும் மறந்துவிடுகிறது.

மாமாவிடம் என்னை வைத்து வாக்குவாதம் செய்யாதே. பேச வராத பையனுக்குக் கொடுத்தால் என் பெண் யாரோடு பேசுவாள் என்று அன்று அவர் கேட்டது ஒரு தகப்பன் கேட்கக்கூடிய கேள்விதான். அதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

ஒப்பந்தம் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை என்று அம்மாவிடம் சொல்.

நலம் விரும்பும்
பரிதி


பாபநாசம்
8.1.2025

அத்தானுக்கு,

தவிட்டு ஒத்தடம் வேலை செய்கிறது. யார் சொன்ன வைத்தியம் என்று அப்பா கேட்டார், டிவியில் சொன்னார்கள் என்றேன். நீங்கள் இருமாமல் தும்மாமல் இருக்கிறீர்களா?

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, அதனால் வண்டியைப் பிரித்தாயிற்று. திருச்சியில் ஒரு காயலான் கடையில் நீங்கள் சொன்ன டிஸ்க் ஜோடியும் காலிப்பரும் பூஸ்டரும் ஒரே வண்டியிலிருந்து கிடைத்தன. தட்டுகளைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து ஸீட்டு அம்மாள், "அடுப்பு மூடியாம்மா, நல்ல கனமா இருக்கே" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

விடிகாலைப் பனியைச் சொல்ல வேண்டும். முன்சக்கரம் இல்லாமல் ஜாக்கியில் நிற்கிற காரைப் பனி பாதிக்குமேல் விழுங்கிவிடுகிறது. கூரையும் கண்ணாடியும் மட்டும் நெற்பயிருக்கு மேலே மிதக்கின்றன. நான் காபி டம்ளரோடு உள்ளே போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். எங்கும் போக முடியாத காரில் அப்படி உட்கார்ந்திருப்பது என்னவோ சுகமாக இருக்கிறது. எங்கே போவதாக நினைத்துக்கொள்கிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அப்பாதான் பெரும்பாடு. விஏஓ வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆகியும் வாயில் இன்னும் தாலுகா ஆபீஸ்தான். தடியை ஊன்றிக் காரைச் சுற்றி வந்து, "மேற்படி வாகனம் என் பெயர்ல இருக்கு. என் சம்மதம் இல்லாம ஒரு நட்டையும் மாத்தக் கூடாது" என்றார். "இத்தனை வருசமா இது நிக்காமலா இருந்துச்சு" என்றார். நான் தவில் கதையைச் சொன்னேன். கடைசியில் சமாதானமாகி, டிஸ்க் வரட்டும், பெடலை மிதித்தால் சக்கரங்களுக்கு எண்ணெயைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டர் மட்டும் ஒரிஜினலாகவே இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார். நெய்னா அண்ணனும், "அது நல்லாத்தான் இருக்குங்கய்யா, இருக்கட்டும்" என்றுவிட்டார். சரி, கிழவர் மனசு நோக வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன். வேலை முடிய மாசிக் கடைசி ஆகிவிடுமாம்.

அத்தை ஒப்பந்தத்தைப் பற்றி மறுபடியும் கேட்கச் சொன்னார். அத்தைக்கு வேறு வேலை இல்லை.

கைகால் சுகத்தோடு
வானதி


சோஹார்
7.2.2025

வானதிக்கு,

உன் கடிதம் வந்து கிடக்க, என்னை மலைப்பக்கம் ஒரு குவாரிக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்றுத்தான் திரும்பினேன். உடம்பு முழுக்கப் புழுதி, மற்றபடி சுகம். மாமாவும் நீயும் சுகமா?

இதை முதலில் படி. பழைய மாஸ்டர் சிலிண்டரோடு டிஸ்க்கை ஓட்டக் கூடாது. அது டிரம்முக்காகச் செய்தது. அதன் அடியில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். டிரம்முக்கு அது நல்லது, உள்ளே ஸ்பிரிங் இருப்பதால் கட்டைகள் விலகிவிடும். டிஸ்க்கில் ஸ்பிரிங் கிடையாது. அந்த அழுத்தம், காலிப்பருக்குள் இருக்கும் பேட் என்கிற கட்டைகளைத் தட்டோடு சேர்த்து வைத்தபடியே இருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. தூரம் போகப் போகத் தட்டு தோசைக்கல்லாகக் காயும். டிஸ்க் எடுத்த வண்டியின் சிலிண்டரையே போட வேண்டும். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எல்லோரும் மாற்றுவார்கள்தானே என்று இருந்துவிட்டேன்.

மாசிக் கடைசி என்று எழுதியிருக்கிறாய், அதற்குள் இது கைக்கு வந்துவிடும்.

பனியில் மிதக்கும் காரில் எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. இங்கே மதியத்தில் அதே காரின் பின் ஸீட்டில் நானும் உட்கார்ந்திருந்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பரிதி


பாபநாசம்
24.2.2025

அத்தானுக்கு,

உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா, கோபமா, வேலையா? மூன்றில் எது என்று அத்தைக்கும் தெரியவில்லை. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

மாசி முகூர்த்தம் ஏகப்பட்டது வந்து குவிந்தது. நான் நெய்னா அண்ணன் கடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலையை முடுக்கிவிட்டேன். கார் ரோட்டுக்கு வந்துவிட்டது.

முதல் நாள் குடமுருட்டிக் கரையோடு ஓட்டினேன். அறுவடை முடிந்த வயலில் உளுந்து பச்சையாகத் தலை தூக்கியிருந்தது. கொக்குகள் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தன. பெடலில் காலை வைத்ததுதான் தெரியும், கார் நின்றுவிட்டது. இழுப்பு இல்லை, குலுங்கல் இல்லை. மறுபடி ஓட்டி மறுபடி நிறுத்தினேன். ஆளில்லாத ரோட்டில் எந்தக் காரணமும் இல்லாமல் நிறுத்துவதும் கிளம்புவதுமாகவே காலை போய்விட்டது. பின் ஸீட்டில் அப்பா தூங்கிவிட்டார். நிற்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து ஸீட்டைப் பார்த்து, ஆச்சு அத்தான் என்று சொல்லிக்கொண்டேன். இதை எழுதாமல் இருந்திருக்கலாம், பரவாயில்லை.

ஒரே ஒரு விஷயம். தூரம் போனால் கார் கொஞ்சம் சோம்பலாகிவிடுகிறது, ஒரு தீய்ந்த வாடை வருகிறது. புது பேட், பழகட்டும் என்கிறார் நெய்னா அண்ணன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வானதி


பாபநாசம்
30.3.2025

பரிதி அத்தானுக்கு,

நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். அதுதான் இன்றைய க்ஷேமம்.

திருவையாற்றில் மாப்பிள்ளையை இறக்கிவிட்டு மறுநாள் காலையில் கரை ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். இது உளுந்து அறுப்புக் காலம். செடியோடு பிடுங்கி ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிகள் ஏறி மிதித்துத் தரும். எத்தனையோ தரம் ஏறிப் போயிருக்கிறேன். அன்றைக்கு அதன்மேல் ஏறிப் பாதி தூரம் போகும்போதே காரின் மூக்கு புகைந்தது. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்துக்குள் தட்டு சிவப்பாக இருந்தது. சுற்றிக்கொண்ட உளுந்துச் செடி அதில் பட்டுப் பற்றிக்கொண்டது. அப்பாவை இறக்கப் பின்பக்கம் ஓடினேன். முழங்கால் வலிக்காரர், அப்பா, நான் அவர் பக்கத்துக் கதவைத் திறப்பதற்குள் இறங்கி, வேட்டியை அவிழ்த்து நெருப்பை அடித்துக்கொண்டிருந்தார். உளுந்துக்குச் சொந்தக்காரர் செவ்வந்தி தூக்குவாளிக் கஞ்சியை அப்படியே சக்கரத்தில் ஊற்றினார். டணார் என்று தட்டு விரிசல் விட்டது. நெருப்பு அடங்கிவிட்டது. அப்பா டிராயரோடு ரோட்டில் நிற்க, செவ்வந்தி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தன் துண்டை நீட்டினார். அப்பாவுக்கு வலது உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

உங்கள் பிப்ரவரிக் கடிதம் நாலு நாள் கழித்து வந்து சேர்ந்தது. இத்தனை நாளும் நன்னிலத்தில் அத்தையின் அரிசிப் பானைக்குள் இருந்திருக்கிறது. அங்கே பங்காளி வீட்டில் சாவு. கருமாதி முடியும்வரை அத்தை யார் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. "நல்ல காரியத்துக்குப் போற வண்டிம்மா, தீட்டு வீட்டுலேந்து ஒரு துண்டுக் காகிதம் வரலாமா" என்கிறார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஆனால் உங்களுக்குத் தெரியும். அத்தான், ஒரு போன் செய்திருக்கக் கூடாதா? ஓட்டாதே என்று ஒரே ஒரு வார்த்தை. எவ்வளவு நேரம் திக்கினாலும் நான் காத்திருந்திருப்பேன்.

நோன்பும் பசியுமாக ஓடிவந்த நெய்னா அண்ணன் அப்பாவிடம், "டிஸ்க் யோசனை ஓமன்ல இருக்குற உங்க மருமகப்புள்ள சொன்னதுதாங்கய்யா" என்று உளறிவிட்டார். அப்பா அன்றிலிருந்து என் போனைக் கேட்டு வாங்குவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

வானதி


பாபநாசம்
27.4.2025

அத்தானுக்கு,

சுகமா? அப்பாவின் கை ஆறிவிட்டது. நீங்கள் எழுதியபடியே புதுத் தட்டும் சரியான சிலிண்டரும் போட்டாயிற்று. இப்போது எவ்வளவு தூரம் போனாலும் தட்டு அளவோடு சுடுகிறது.

கடுமையாக எழுதிவிட்டேன். பயந்துபோயிருந்தேன், அதை உங்கள்மேல் கொட்டிவிட்டேன். இரண்டு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

வானதி


சோஹார்
3.5.2025

வானதிக்கு,

உன் மார்ச் மாதக் கடிதத்தை வைத்துக்கொண்டு எழுத முடியாமல் இருந்தேன். மாமாவின் கை எப்படி இருக்கிறது?

நீ கேட்டது நியாயம். பிரேக் ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. அதிலேயே முக்கியமானதைக் காலத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமா அன்று கேட்ட கேள்வி சரிதான் என்று இப்போது நிச்சயமாகத் தெரிகிறது. பேச வேண்டிய நேரத்தில் பேச முடியாதவனை நம்பி யாரும் வண்டி ஓட்டக் கூடாது.

மதியத்தில் இப்போதெல்லாம் தூக்கம் வருகிறது, கார் வருவதில்லை.

ஒப்பந்தக் காகிதம் மேசையில் இருக்கிறது. ஜூன் பிறந்ததும் கையெழுத்துப் போடலாம் என்று இருக்கிறேன், அம்மாவிடம் சொல்லிவிடு.

நீ பத்திரமாக இரு.

பரிதி


பாபநாசம்
8.5.2025

மாப்பிள்ளை பரிதிக்கு மாமன் பஞ்சநதம் எழுதிக்கொண்டது.

இவ்விடம் அனைவரும் க்ஷேமம். உன் விலாசம் ரெத்தினத்திடம் கேட்டு வாங்கப்பட்டது. கை சற்றே தழும்பாக இருப்பதால் எழுத்து கோணலாக உள்ளது.

1. மேற்படி வாகனத்தில் பழைய சிலிண்டரை வைக்கச் சொன்னது நான். மெக்கானிக்கும் வானதியும் என் பேச்சுக்குக் கட்டுப்பட்டார்கள், அவ்வளவே.

2. பிப்ரவரி மாதம் ஒரு பகல் வேளையில், என் கையில் இருந்த வானதியின் போனுக்கு அயல்நாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். எதிர்முனையில் பேச்சு இல்லை. ஒரே எழுத்தில் முட்டி முட்டி நிற்கும் மூச்சு மட்டும் கேட்டது. அது நீ என்று எனக்கு உடனே தெரியும். இந்த உலகத்தில் அப்படி மூச்சுவிடுகிறவன் என் தங்கை மகன் ஒருவன்தான். நல்ல கீர்த்தனை நடுவில் நின்றுவிட்டதே என்ற எரிச்சலில் காத்திருக்காமல் வைத்துவிட்டேன். வானதியிடமும் சொல்லவில்லை.

3. "ஒரு போன் செஞ்சிருக்கலாமே" என்று அவள் ராஜகிரிக்காரரிடம் சொல்லி அழுததைக் கேட்ட பின்னும் சில வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மூன்று நாள் முன்பு அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் வைக்கிறாள்.

பேச்சு வராதவன் நீ என்று நான் சொன்னதுண்டு. பேச்சு வரும் எனக்கும் காது இல்லாமல் போயிற்று. பிரேக் விஷயத்திலும் சரி, மற்ற விஷயத்திலும் சரி, எனக்கு இனி ஆட்சேபணை எதுவும் கிடையாது என்று இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

வெயிலில் அலையாதே.

இப்படிக்கு
பஞ்சநதம்


பாபநாசம்
26.5.2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. உடம்பைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. இளைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் போன் செய்ததும் அப்பா வைத்ததும் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் எழுதியதைப் படித்த பிறகும், செய்தேன் என்று நீங்கள் எழுதவில்லை. உங்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பீர்கள். நல்லவராக இருப்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது.

அப்பாவின் அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை என்று எழுதினீர்கள். என்னிடம் இருக்கிறது. நன்றாகப் பேசத் தெரிந்த மனிதரோடு பதினோரு வருஷம் குடும்பம் நடத்தினேன். கல்யாண வீட்டில் அவர் பேச ஆரம்பித்தால் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். வீட்டிலும் பேசிக்கொண்டே இருந்தார். அந்த வீட்டில் நான் யாரோடும் பேசியதில்லை. பேச இடம் கிடைக்கவில்லை. நவம்பரிலிருந்து உங்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன், அதுவும் சக்கரத்தையும் சிலிண்டரையும் பற்றி. என் வாழ்நாளில் இவ்வளவு பேசியதே இல்லை.

நேற்று ஒரு மாப்பிள்ளையை அம்மாப்பேட்டையில் இறக்கிவிட்டு வெறும் காரோடு திரும்பினேன். பின் ஸீட்டில் ரோஜா இதழ்கள் கிடந்தன. சாயங்கால வெயிலில் ரோடு முழுக்க மஞ்சளாக இருந்தது, எந்த ஊர் வழியாக வந்தேன் என்றே தெரியவில்லை. எல்லார் வீட்டு மாப்பிள்ளையையும் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் மட்டும் ஏன் தனியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறேன் என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டேன்.

இந்த முறை அத்தை எதையும் கேட்கச் சொல்லவில்லை. நான் கேட்கிறேன். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள். எனக்கு உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும். உங்களுக்கு இஷ்டமா, இல்லையா? வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன், இதற்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
வானதி


சோஹார்
14.6.2025

வானதிக்கு,

இதை முதல்முறையாக உங்கள் வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். நான் சுகம். நீ நினைத்தபடி கொஞ்சம் இளைத்துத்தான் இருக்கிறேன்.

மாமாவின் கடிதம் ஜூன் முதல் தேதி வந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்து வைத்திருந்தேன். மாப்பிள்ளை என்று அவர் எழுதியிருந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பேனாவை மூடிவிட்டேன். உன் கடிதம் இன்று வந்தது. ஒப்பந்தக் காகிதத்தை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் கையோடு டிக்கெட் வாங்கிவிட்டேன். வரும் வியாழக்கிழமை திருச்சியில் இறங்குகிறேன், அம்மாவுக்குத் தகவல் சொல்லியாயிற்று.

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம். நான் வரும்போது வாய்க்காலெல்லாம் நனைந்திருக்கும். நீ ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கரை ரோட்டில் வருவதை இன்று மதியம் கண்ணை மூடாமலே பார்த்தேன்.

இங்கேயிருந்து தபால் போய்ச்சேர மூன்று வாரம் ஆகிறது, விமானத்துக்கு நாலு மணி நேரம். அதனால் இந்தக் கடிதத்துக்கு வெகு முன்னால் நான் வந்திருப்பேன். அப்போது என்ன நடந்திருக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும். நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று உன் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்திருப்பேன். முதல் எழுத்திலேயே நின்றிருப்பேன். அடுத்த வார்த்தையை நீயே சொல்லிவிடலாம் என்று உனக்கு உதடு வரைக்கும் வந்திருக்கும், இந்த முறை சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருப்பாய். ஒவ்வொரு நாளும் முயன்று பார்த்துவிட்டு, தபால் வரட்டும் என்று கையைக் காட்டியிருப்பேன்.

இப்போது தபால் வந்துவிட்டது. மாமா வாங்கி, என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, பிரிக்காமல் உன்னிடம் கொடுத்திருப்பார்.

இஷ்டம், வானதி. நீ வேறு வீட்டுக்குப் போன நாளிலும் இஷ்டமாகத்தான் இருந்தது. என்னைக் கட்டிக்கொள்.

படித்தாயிற்று என்றால் தலையை நிமிர்த்து. எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பரிதி